கனவுக்கு ஒரு பாஸ்புக்: போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

"சொந்தமா ஒரு தையல் கடை போடணும்" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. எவ்வளவு ஆகும் என்று கேட்டால் "ஒண்ணு, ஒன்றரை லட்சம் ஆகும்" என்பார்கள். எப்போது என்று கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். தொகைக்கும் தேதிக்கும் உறுதியான பதில் இல்லாத வரை அந்தக் கனவு நகராது. இந்த இரண்டையும் முதல் நாளே கவுன்டரில் எழுதிக் கொடுக்க வைக்கிறது அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கு. மக்கள் பேச்சில் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. இதைவிட அதிக லாபம் தரும் திட்டங்கள் உண்டுதான். ஆனாலும் மாதச் சம்பளக்காரர், சிறு தொழில் செய்பவர், வீட்டிலிருந்தே சம்பாதிக்கும் பெண்கள் ஆகியோருக்கு ஐந்து வருடக் கனவென்றால், நாங்கள் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

விதிகள் எளிமையானவை. மாதம் குறைந்தது 100 ரூபாய்; அதற்கு மேல் 10-இன் மடங்கில் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். மொத்தம் 60 தவணை, ஐந்து வருடம். 2023 அக்டோபரில் வட்டி 6.7 சதவீதம் ஆனது. காலாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி சேரும். அரசு காலாண்டுதோறும் வட்டியை மறுபரிசீலனை செய்யும் என்பதால், திறக்கும் நாளில் என்ன விகிதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைய விகிதம்தான் உங்கள் கணக்குக்கு ஐந்து வருடமும். 6.7-இல் மாதம் 100 ரூபாய் கட்டினால் முதிர்வில் சுமார் 7,136 ரூபாய் கிடைக்கும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்தால் போதும். எந்தக் கனவுக்கும் மாதத் தவணையை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

தையல் கடையையே எடுத்துக்கொள்வோம். பவர் மெஷின், ஓவர்லாக் மெஷின், துணி வெட்டும் மேசை, அயர்ன் பாக்ஸ், கடை அட்வான்ஸ், முதல் மூன்று மாத வாடகை என்று ஒவ்வொன்றுக்கும் கடையில் விலை கேட்டு எழுதுங்கள். கூட்டினால் ஒன்றரை லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 2,100 போதும் என்று கணக்குத் திறந்துவிடுவார்கள். ஐந்து வருடம் கழித்துக் கையில் 1,49,800 சொச்சம் வரும். ஆனால் மெஷின் விலையும் வாடகையும் அதற்குள் எங்கோ போயிருக்கும். வருடத்துக்கு 6 சதவீதம் விலை ஏறும் என்று வைத்தாலே இன்றைய ஒன்றரை லட்சம் அன்றைக்கு இரண்டு லட்சம். அதற்கு மாதம் 2,810 கட்ட வேண்டும். முதிர்வில் வருவது சுமார் 2,00,500. அதில் நீங்கள் கட்டியது 1,68,600.

இந்த 2,810-ஐ ஒரே கணக்கில் போடாதீர்கள். திறந்த பிறகு தவணைத் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆனால் எத்தனை கணக்கு வேண்டுமானாலும் திறக்கலாம். 1,500-க்கு ஒன்று, 1,310-க்கு ஒன்று என்று பிரித்துவிட்டால், பணமுடை வரும்போது சின்னதை மட்டும் நிறுத்திவைத்து பெரியதைக் காப்பாற்றலாம். மகள் படிப்புக்கும் கடைக்கும் ஒரே கணக்கு என்பதும் வேண்டாம். ஒவ்வொரு பாஸ்புக் அட்டையிலும் பென்சிலால் "கடை", "காலேஜ்" என்று எழுதி வையுங்கள். அவசரத்துக்குக் கை வைக்கப் போகும்போது அந்த ஒரு சொல் கண்ணில் படும்.

கணக்கு திறக்கும் தேதியையும் யோசித்து வையுங்கள். மாதத்தின் 15-ஆம் தேதிக்குள் திறந்தால், ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். 16-க்குப் பிறகு திறந்தால் மாதத்தின் கடைசி வேலை நாள் வரை அவகாசம். கையில் காசு வரும் நாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பத்தாம் தேதி சம்பளம் வாங்குபவர் முதல் பாதியில் திறந்துவிட்டு, சம்பளம் நான்கு நாள் தள்ளிப்போகும் மாதமெல்லாம் பதறுவதைப் பார்க்கிறோம். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள எழுதிக் கொடுத்துவிட்டால் வரிசையில் நிற்கும் வேலையும் இல்லை.

தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். 2,810-க்கு சுமார் 28 ரூபாய். தொகை சின்னதாக இருப்பதால் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். ஆனால் நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும். அடுத்த இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்காவிட்டால் பிறகு அதில் கட்டவே முடியாது. இரண்டாவது தவணை தவறியதுமே போய்ச் சரிசெய்துவிடுங்கள்.

அறுவடைக்கோ பண்டிகை சீசனுக்கோ மொத்தமாகப் பணம் பார்ப்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. கவுன்டரில் யாரும் அதிகம் சொல்வதில்லை. 12 தவணையை முன்கூட்டியே கட்டினால் நூறு ரூபாய்த் தவணைக்கு 40 ரூபாய் தள்ளுபடி. 6 தவணைக்கு 10 ரூபாய். 2,810 தவணைக்கு ஒரு வருடம் முன்கட்டினால் 1,124 ரூபாய் மிச்சம். அந்தப் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டு மாதாமாதம் கட்டுவதைவிட இது லாபம். கையில் இருந்தால் கரைந்துவிடும் என்ற பயமும் இல்லை.

இனி குறைகள். மூன்று வருடம் முடியும் முன் கணக்கை மூட முடியாது. அதற்குப் பிறகு மூடினாலும் 6.7 கிடைக்காது; மொத்தத் தொகைக்கும் சேமிப்புக் கணக்கு வட்டியான 4 சதவீதம்தான். முதிர்வுக்கு ஒரு நாள் முன்பு மூடினாலும் இதே கதி. நான்கு வருடம் கட்டிய 2,810 கணக்கை மூடினால் எட்டாயிரத்துக்கு மேல் இழப்பு. அவசரத்துக்குக் கடன் எடுப்பதுதான் சரியான வழி. 12 தவணை கட்டி ஒரு வருடம் ஆனதும் இருப்பில் பாதி வரை கடன் கிடைக்கும், வட்டி ஆர்.டி. விகிதத்தைவிட 2 சதவீதம் கூடுதல், அதாவது 8.7. ஐம்பதாயிரத்தை ஒரு வருடம் வைத்திருந்தால் 4,350 ரூபாய் வட்டி. கணக்கும் உடையாமல் இருக்கும்.

கிடைக்கும் வட்டி வரிக்கு உட்பட்டது. கட்டும் தொகைக்கு வருமான வரி விலக்கும் இல்லை. ஒன்றிரண்டு வருடத்தில் வாங்க வேண்டிய வண்டிக்கோ லேப்டாப்புக்கோ இது பொருந்தாது. அதற்கு ஆறு மாதம் முதல் காலத்தை நீங்களே தேர்ந்தெடுக்கும் வங்கி ஆர்.டி. இருக்கிறது. பதினொரு மாத நகைச் சீட்டோடு இதை ஒப்பிடுபவர்களும் உண்டு. அங்கே கடைசியில் நகைதான் கிடைக்கும். கடைக்கு அட்வான்ஸ் கொடுக்க நகையை அடகு வைக்க வேண்டிவரும்.

வீட்டுக்கே வந்து வாங்கிப்போகும் மகளிர் முகவர்கள் மூலமாகவும் கட்டலாம். அவர்களுக்குக் கமிஷனை அரசு தருகிறது. உங்களிடம் தனியாக எதுவும் கேட்கக் கூடாது. முகவர் தரும் அட்டையில் அவர் கையெழுத்துப் போடுவது நீங்கள் அவரிடம் பணம் கொடுத்ததற்குத்தான் அடையாளம். அஞ்சலகத்தில் பணம் ஏறியதற்குச் சான்று பாஸ்புக் பதிவுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நீங்களே பாஸ்புக்கை எடுத்துப்போய்ப் பதிவு போட்டு, தேதிகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். நாமினி பெயர் ஏறியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

54-ஆம் தவணை கட்டும் மாதம் பழைய விலைப் பட்டியலை எடுத்து, அதே கடைகளில் மறுபடி விலை கேளுங்கள். பற்றாக்குறை எவ்வளவு என்று ஆறு மாதம் முன்பே தெரிந்தால் ஓவர்லாக் மெஷினைப் பழையதாக வாங்குவதா, கடையைச் சிறியதாகப் பிடிப்பதா என்று நிதானமாக முடிவு செய்யலாம். முதிர்வுத் தொகை 20,000-ஐத் தொட்டாலே ரொக்கமாகத் தர மாட்டார்கள் என்பதால், சேமிப்புக் கணக்கு ஒன்றை முன்னதாகவே உங்கள் பெயரில் தயாராக வைத்திருங்கள். ஆதார், பான் இரண்டிலும் பெயர் எழுத்து மாறாமல் இருக்கிறதா என்பதையும் அதே மாதத்தில் சரிபார்த்துவிட்டால், 60-ஆவது தவணைக்குப் பிறகு அலைய வேண்டியிருக்காது.