அப்சிடியனில் ஐந்து ஆண்டுகள்: ஒரு கற்பனை உலகத்தின் குறிப்பேடு

2021 தொடக்கத்தில் என் மாயப்புனைவு நாவலுக்கான முதல் குறிப்பை அப்சிடியன் (Obsidian) என்ற குறிப்பெடுக்கும் செயலியில் எழுதினேன். இன்று அந்தக் கோப்புறையில் 412 குறிப்புகள் இருக்கின்றன. ஒரு நாவல் முடிந்துவிட்டது. இரண்டாவது நாவல் பாதி எழுதிய நிலையில் நிற்கிறது. நடுநடுவே நான்கு அறிவியல் புனைகதைகளும் எழுதினேன். இத்தனை காலம் புழங்கியதில் எது கைகொடுத்தது, எது வீண் வேலையாகப் போனது என்பதை, புதிதாக இந்த வகைக் கதைகள் எழுத வருகிறவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

அதற்கு முன்பு இரண்டு ஆண்டுகள், உலகக் கட்டமைப்புக்கென்றே, அதாவது கதை நடக்கும் கற்பனை உலகத்தை வடிவமைப்பதற்கென்றே, இருந்த ஓர் இணையச் சேவையில் எழுதினேன். அங்கிருந்து வெளியேறும்போது குறிப்புகளைத் தரவிறக்கினேன். எழுத்து வந்தது, குறிப்புகளுக்கு இடையிலான இணைப்புகள் வரவில்லை. எந்த ஊர் எந்த அரசின் கீழ், யார் யாருக்கு என்ன உறவு என்பதையெல்லாம் மறுபடி கையால் கோக்க ஒரு மாதம் ஆயிற்று. அப்சிடியனில் ஒவ்வொரு குறிப்பும் நம் கணினியிலேயே ஒரு சாதாரண உரைக் கோப்பாக இருக்கிறது. வேறு எந்த உரைத் தொகுப்பியிலும் அதைத் திறக்கலாம். ஞாயிறுதோறும் கோப்புறையை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்துவிடுகிறேன். நாவல் என்பது ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலை. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஒரு பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டால் அது அந்தப் பெயருள்ள குறிப்போடு இணைந்துவிடும். நம் மொழியிலோ பெயர் ஓரிடத்தில் நிற்பதில்லை. என் மலைநகரின் பெயர் கருங்கோடு. கதைக்குள் அது கருங்கோட்டில், கருங்கோட்டை, கருங்கோட்டார் என்று உருமாறிக்கொண்டே இருக்கிறது. இணைப்புக்குள் மூலப்பெயரை எழுதி, ஒரு செங்குத்துக் கோடு போட்டு, வாக்கியத்துக்கு வேண்டிய வடிவத்தை அடுத்து எழுதுவதே வழி. தேடும்போது ‘கருங்கோட’ வரை மட்டும் தட்டினால் எல்லா வடிவங்களும் அகப்படும். இது பிடிபடாமல் முதல் ஆறு மாதங்கள் பாதிக் குறிப்புகளை இணைக்காமலே விட்டிருந்தேன்.

இனி டெம்ப்ளேட்டுக்கு, அதாவது குறிப்புகளை நிரப்பும் மாதிரிப் படிவத்துக்கு, வருகிறேன். இணையத்தில் கிடைக்கும் உலகக் கட்டமைப்புப் படிவங்கள் மக்கள்தொகை, ஆட்சிமுறை, நாணயம், கொடி என்று கேட்டுக்கொண்டே போகும். அவற்றை நிரப்பி நிரப்பி ஓராண்டு கழிந்தது. ஒரு காட்சிகூட எழுதவில்லை. பிறகு தொல்காப்பியத்தின் முதல், கரு, உரி என்ற பகுப்பையே ஒவ்வோர் இடக்குறிப்புக்கும் மூன்று தலைப்புகளாக வைத்தேன். முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன. உரி என்பது அங்கே வாழும் மனிதர்களின் அக வாழ்க்கை. கொடியும் நாணயமும் கேட்கிற எந்தப் படிவமும் இந்த மூன்றாவதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. ‘இந்த இடத்தில் ஒருவர் எதற்காக ஏங்குவார், எதற்குக் காத்திருப்பார்?’ என்று உரிக்குக் கீழே ஒரு கேள்வியையும் எழுதி வைத்தேன். அன்று முதல் குறிப்பேடு கதை தரத் தொடங்கியது.

எப்படி என்பதற்கு ஓர் உதாரணம். என் உலகத்தில் இரண்டு நிலாக்கள். சிறியது 18 நாளுக்கு ஒருமுறை முழுநிலவாகும், பெரியது 45 நாளுக்கு ஒருமுறை. முதல் வரைவில், நாற்பது நாள் நடக்கும் கதைக்குள் மூன்று இரவுகளில் இரு நிலாக்களும் முழுதாக ஒளிர்ந்தன. நாள்காட்டிக் குறிப்பு ஒன்றைத் திறந்து கணக்கிட்டபோதுதான் உறைத்தது: இரண்டும் ஒருசேர முழுநிலவாவது 90 நாளுக்கு ஒருமுறைதான். இடையில் 45ஆம் நாள் பெரியது முழுதாக நிற்கும்போது சிறியது முற்றிலும் இருண்டிருக்கும். மூன்று காட்சிகளையும் வெட்ட வேண்டியிருந்தது. அந்த வருத்தத்தோடு உரித் தலைப்பின் கேள்வியைப் பார்த்தேன். பாறைத்திட்டுகளுக்கு நடுவே இரவில் படகு செலுத்த இரட்டை நிலவொளி வேண்டும், பகலில் காவல் கப்பல்கள் திரியும் என்று வைத்துக்கொண்டால், தப்பிக்க நினைப்பவளுக்கு 90 நாளில் ஓர் இரவுதான். அந்த இரவில் அவள் மகனுக்குக் காய்ச்சல். நாவலின் நடுப்பகுதி முழுவதும் இதிலிருந்துதான் எழுந்தது.

அறிவியல் புனைகதையிலும் இதே கதைதான். பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒளி போய்ச்சேரவே, கோள்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து, ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். ஆளுக்கொரு கோளில் இருக்கும் அக்காவும் தங்கையும் சண்டையிடுவதை நேருக்கு நேர் உரையாடலாக எழுதியிருந்தேன். ‘விதிகள்’ என்ற குறிப்பில் 14 நிமிடத் தாமதம் என்று நானே எழுதி வைத்திருந்தது, திறந்திருக்கும் குறிப்போடு இணைந்த மற்றக் குறிப்புகளைக் காட்டும் பட்டியலில் வந்து நின்றது. ஒரு சொல்லுக்குப் பதில் கிடைக்க 28 நிமிடம். திருத்தி எழுதியபோது, அக்காவின் மன்னிப்பும் தங்கையின் கடுஞ்சொல்லும் வழியிலேயே ஒன்றையொன்று கடந்து போயின. அந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறிப்புகளைப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் காட்டும் வலைப்படம் பார்க்க அழகாக இருக்கும். அது அடர்ந்துகொண்டே போவதைப் பார்க்கும்போது ஏதோ எழுதிவிட்டதாக மனம் நம்பிவிடுகிறது. நான் அதை மூடி வைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. 2022 இறுதியில் வந்த கேன்வாஸ் பலகை காட்சிகளை அடுக்கவும் மாற்றவும் நன்றாக உதவுகிறது. இரண்டாவது நாவலை முழுக்க அதில்தான் திட்டமிடுகிறேன். செயலிக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் பிளகின்களில் ஆரம்பத்தில் பதினேழு போட்டேன், இப்போது மூன்று இருக்கின்றன. ஓர் ஊரின் பெயரை மாற்றினால் இணைப்புகள் தாமாகவே மாறிவிடும். செங்குத்துக் கோட்டுக்கு அப்பால் நாம் எழுதிய வடிவத்தை மட்டும் தேடிப் பிடித்து நாமே மாற்ற வேண்டும்.

நிலப்படத்தை இன்னும் காகிதத்தில்தான் வரைகிறேன். மலையை எங்கே வைத்தால் மழை எந்தப் பக்கம் பெய்யும், எந்தப் பக்கம் வறண்டு கிடக்கும் என்று யோசிக்கும்போது கையில் பென்சில் இருக்க வேண்டும் எனக்கு. வரைந்ததைப் படமெடுத்து, அந்தந்த நிலத்தின் ‘முதல்’ தலைப்புக்குக் கீழே ஒட்டிவிடுவேன்.

நேற்று இரவு எல்லா இடக்குறிப்புகளையும் ஒருமுறை புரட்டினேன். உரி காலியாக இருப்பவை 23. மழைமறைவுப் பக்கம் இருக்கும் உப்புச்சமவெளியும் அவற்றில் ஒன்று. அதன் கரு மட்டும் இரண்டு பக்கம் இருக்கிறது: உப்பு வெட்டுகிறவர்கள், ஒற்றைக்கால் கொக்கு, முள்மரம். அங்கே யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இந்த வாரம் அதில்தான் உட்காரப் போகிறேன்.