மூன்று வருஷமாக வயர்மாக்: குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத சர்வர்

மன்னார்குடி நண்பன் போன வாரம் கேட்டான். "மாப்ள, மாக் சர்வருக்கு நீ வயர்மாக்தானே வச்சிருக்க? அதுல டெம்ப்ளேட் போட்டு ஆளுக்குத் தகுந்த மாதிரி பதில் கொடுக்கலாமாமே, எப்படி இருக்கு, போடலாமா?" மாக் சர்வர் என்றால் நிஜ சர்வர் வரும்வரை அதைப் போலப் பதில் சொல்லும் போலி சர்வர், அதை ஓட்டும் மென்பொருள்தான் வயர்மாக்; டெம்ப்ளேட் என்பது கோரிக்கைக்கு ஏற்ப நிரம்பும் காலியிடங்களோடு எழுதிய பதில். வாட்ஸ்அப்பில் பதில் அடிக்க ஆரம்பித்தேன், நாலு திரை ஓடியும் முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். எப்படி நிறுவுவது, எந்தக் கோப்புறையில் மேப்பிங் (எந்தக் கோரிக்கைக்கு எந்தப் பதில் என்று எழுதும் கோப்பு) வைப்பது என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இது. தெரியாதவர்கள் முதலில் ஒரு அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்கள் கதை சின்னது. கும்பகோணத்தில் ஒரு வீட்டு மாடி, மூன்று பேர், விவசாயிக்கு அறுவடை இயந்திரம் வாடகைக்குப் பிடித்துத் தரும் ஒரு ஆப். ஆப் எங்கள் வேலை, பின்னால் இருக்கும் சர்வர் வேறொரு குழுவின் வேலை. ஆடியில் "அடுத்த வாரம் தந்துடுறோம்" என்றவர்கள் தையிலும் அதையேதான் சொன்னார்கள். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது என்பதால் மாக் சர்வர் வந்தது.

முதலில் எல்லாம் நிலையான பதில்கள். எந்த முன்பதிவைத் திறந்தாலும் அதே பாபநாசம், அதே நாலு மா நிலம், அதே தேதி. பத்து நாளில் அந்தத் தேதி கடந்துபோய்விடும், கடந்த தேதியை ஆப் காட்டாது, திரை காலியாகக் கிடக்கும், யாராவது ஒருவர் உட்கார்ந்து கோப்புகளில் தேதியை மாற்றிக்கொண்டிருப்போம். டெம்ப்ளேட்டுக்கு மாறிய அன்று உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். 'இப்போது' என்ற ஹெல்பருக்கு (டெம்ப்ளேட்டுக்குள் கூப்பிடும் சின்னக் கட்டளை) மூன்று நாள் தள்ளி என்று ஒரு ஆஃப்செட் கொடுத்தால் போதும், எந்த நாள் கேட்டாலும் அறுவடை மூன்று நாள் கழித்துத்தான். அதைவிடப் பிடித்தது, பதில் கோப்பின் பெயரிலேயே டெம்ப்ளேட் வைக்கலாம் என்பது. முகவரியில் நன்னிலம் என்று வந்தால் நன்னிலம் கோப்பு, திருவையாறு என்று வந்தால் திருவையாறு கோப்பு. ஒரே ஒரு மேப்பிங்கில் அத்தனை தாலுகாவும் அடங்கிப்போனது.

தேதியில் ஒரு கிறுக்குத்தனம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நமக்கு வேண்டிய வடிவத்தில் தேதி கேட்டு, நேர மண்டலத்தைக் குறிப்பிடாமல் விட்டால், ஓடுகிற இயந்திரத்தின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. என் லேப்டாப்பில் இந்திய நேரம், வயர்மாக் ஓடும் டாக்கர் பெட்டிக்குள் யுடிசி, அதாவது நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம். அதிகாலை 5 மணிக்கு டெஸ்ட் ஓட்டினால் மூன்று நாள் கழித்து வர வேண்டியது இரண்டு நாளில் வந்து நிற்கும், 5:30 தாண்டியதும் தானாகச் சரியாகிவிடும். விடிந்ததும் ஓடிப்போகிற பேயைப் பிடிக்க எனக்கு நாலு விடியற்காலை ஆனது. நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று எழுதிய பிறகு வரவில்லை.

சரி, மீசைக்கு வருவோம்.

வயர்மாக் பயன்படுத்துவது ஹேண்டில்பார்ஸ் என்ற டெம்ப்ளேட் மொழியின் ஜாவா வடிவம். அதற்கு மூத்தது மஸ்டாஷ். டெம்ப்ளேட்டில் போடும் நெளிவு அடைப்புக்குறியைப் படுக்க வைத்தால் மீசை மாதிரி இருக்கும் என்று வந்த பெயர். எங்கள் மாடியில் அதற்கு 'மீசை' என்றே பெயராகிவிட்டது. "மீசை வச்சியா?" என்றால் டெம்ப்ளேட் போட்டாயா என்று அர்த்தம். மேப்பிங்கில் டெம்ப்ளேட்டை இயக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வரியை எழுத மறந்தால் அடைப்புக்குறியெல்லாம் அப்படியே திரையில் வந்து நிற்கும், அது நல்ல தப்பு, கண்ணுக்குத் தெரிகிற தப்பு. நான் மூன்று வருஷமாகப் புலம்புவது கண்ணுக்குத் தெரியாத தப்பைப் பற்றி. மீசைக்குள் நீங்கள் கேட்கிற பெயரில் எதுவும் இல்லை என்றால் அது 'இல்லை' என்று சொல்லாது. அந்த இடத்தை வெறுமனே விட்டுவிட்டு, 200 ஓகே, அதாவது எல்லாம் சரி என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவிடும்.

போன தையில் நீடாமங்கலம் பக்கம் ஒருவரிடம் ஆப்பைக் காட்டப் போனோம். இரண்டு பெல்ட் டைப், ஒரு டயர் டைப் அறுவடை இயந்திரம் வைத்திருக்கிறார். சேறு காயாத வயலுக்கு பெல்ட், காய்ந்த வயலுக்கு டயர், மணிக்கணக்கில் வாடகை. நிஜ சர்வர் இல்லாததால் மாக் சர்வரையே லேப்டாப்பில் ஓட்டினோம். நிலத்தின் பரப்பை ஆப் அனுப்பும், சர்வர் அதே பரப்பைப் பதிலில் வைத்துத் திருப்பும், ஆப் அதை வைத்து எத்தனை மணி நேரம் ஓடும், எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டும். இங்கே யாரும் ஏக்கரில் பேசுவதில்லை, மூணு மா, ஆறு மா என்றுதான் பேச்சு, மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். அதனால் ஆரம்பத்தில் பரப்பை அனுப்பும் அந்த அளபுருவுக்கு 'மா' என்றே பெயர் வைத்திருந்தோம். முதல் நாள் ராத்திரி எங்கள் தம்பி ஒருவன், ஏபிஐ (ஆப்பும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை) ஆவணத்தில் இருக்கிறபடி அதை 'ஏக்கர்' என்று ஆப்பில் மாற்றியிருக்கிறான். அவன் செய்தது சரிதான். டெம்ப்ளேட்டில் மட்டும் இன்னும் 'மா' இருந்தது.

விளைவு, பரப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மேற்கோள் குறிகள். ஜாவாஸ்கிரிப்ட் வெற்றுச் சரத்தை எண்ணாக மாற்றச் சொன்னால் 0 என்று மாற்றிக் கொடுக்கும், அதுவும் முகம் சுளிக்காது. திரையில் 'மொத்தம்: ₹0'. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி பார்த்துவிட்டுக் கேட்டார்: "சும்மாவே அறுத்துக் கொடுக்கச் சொல்றீங்களா தம்பி?"

அவர் வீட்டில் கொடுத்த காபி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

திரும்பி வந்து பதிவேட்டைப் பார்த்தால் ஒரு சிவப்பு வரி இல்லை. கோரிக்கை வந்தது, பொருந்தியது, பதில் போனது, 200. விழுந்தது நாங்கள், மீசை அப்படியே முறுக்கிக்கொண்டு நிற்கிறது.

நியாயமாகவும் பேச வேண்டும். இது யாரோ கவனக்குறைவாக விட்ட பிழை இல்லை, அந்த மொழியின் விதியே அப்படித்தான். மஸ்டாஷும் ஹேண்டில்பார்ஸும் முதலில் வலைப்பக்கம் வரையப் பிறந்தவை. பக்கத்தில் ஒருவருடைய இரண்டாவது பெயர் இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விடுவதுதான் மரியாதை, அதற்காகப் பக்கம் முழுவதும் உடைய வேண்டியதில்லை. ஆனால் சர்வர் பதில் அனுப்பும் ஜேசன் வடிவம் அப்படியில்லையே. எண் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வராவிட்டால் ஜேசனே செல்லாது, ஆப் உடனே கூச்சல் போட்டிருக்கும், நாங்களும் பிழைத்திருப்போம். பிழைக்காததற்குக் காரணம், நாங்கள் எண்ணுக்கும் மேற்கோள் குறி போட்டிருந்தோம். ஏன் போட்டோம் என்றால், மேற்கோள் இல்லாமல் மீசையை எழுதினால் அந்தக் கோப்பு ஜேசனாகச் செல்லாது, எடிட்டர் சிவப்புக் கோடாகப் போட்டுத் தள்ளும், அதைப் பார்க்கச் சகிக்காமல் ஒருவர் எல்லாவற்றுக்கும் மேற்கோள் மாட்டிவிட்டார். அந்த ஒருவர் நான்தான்.

அப்புறம் ஹெல்பர்கள். ஜேசனுக்குள் ஒரு மதிப்பைத் தேடி எடுக்கும் ஜேசன்பாத்தை எழுதுவதில் தப்பு செய்தால் அது வாயைத் திறக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கே திறக்கிறது? பதிலின் உடலுக்குள், சதுர அடைப்புக்குறியில் எரர் என்று ஒரு வாக்கியமாக. மேலே ஸ்டேட்டஸ் அதே 200. குற்றப் பத்திரிகையைக் கல்யாணப் பத்திரிகை உறையில் போட்டு அனுப்புகிற வேலை இது. டெம்ப்ளேட்டுக்குள்ளிருந்தே 400 (கோரிக்கை தப்பு) என்று மாற்றலாமா என்று பார்த்தேன், நான் வைத்திருக்கும் பதிப்பில் முடியவில்லை, உடலிலும் ஹெடரிலும் மீசை வைக்கலாம், ஸ்டேட்டஸ் என்பது மேப்பிங்கில் வெறும் எண்.

இதற்கு மருந்து டெம்ப்ளேட்டுக்குள் இல்லை, அதற்கு முந்தைய வாசலில் இருக்கிறது. 'ஏக்கர்' என்ற அளபுரு இருக்க வேண்டும், அது எண்ணாக இருக்க வேண்டும் என்று ரெஜெக்ஸோடு (மதிப்பின் எழுத்து வடிவத்தைச் சோதிக்கும் விதி) மேப்பிங்கிலேயே எழுதிவிடுங்கள். அப்போது தவறான கோரிக்கை டெம்ப்ளேட் வரை வராது. எதுவும் பொருந்தாவிட்டால் வயர்மாக் 404 (அப்படி எதுவும் இல்லை) கொடுத்து, எது கிட்டத்தட்ட பொருந்தியது, எந்த வரியில் விலகியது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். அந்த ஒப்பீட்டு அறிக்கை அருமையான வேலை, அதை எழுதியவருக்கு ஒரு டிகிரி காபி வாங்கித் தருவேன். அதற்கும் கீழே, முன்னுரிமை குறைந்த ஒரு மேப்பிங்கை 400 பதிலோடு வைத்துவிட்டால் நிஜ சர்வர் திட்டுவது மாதிரியே திட்டும். இயல்பான முன்னுரிமை 5, எண் கூடக் கூட வரிசையில் பின்னால் போகும், நான் 10 வைத்திருக்கிறேன். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு காலியிடம் ஒன்றுகூட ஆப் வரை போகவில்லை.

ஒவ்வொரு தடவையும் கண்டபடி ஒரு மதிப்பு தரும் ரேண்டம் ஹெல்பர் பற்றி ஒரே வரி: டெஸ்டில் போடாதீர்கள். பத்து தடவை பாஸாகி பதினோராவது தடவை விழும், ஏன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இப்போது மார்க். நண்பன் கேட்ட அன்றே எழுதியிருந்தால் 5-க்கு 4 கொடுத்திருப்பேன், தினமும் ஓட்டுகிறேன், எங்கள் ஆப்பின் பாதி இதன் முதுகில்தான் வளர்ந்தது, விடுவதாகவும் இல்லை. இன்றைக்கு 2. ஏனென்றால் நேற்று சாயங்காலம் அந்த நிஜ சர்வர் ஒருவழியாக வந்து சேர்ந்தது. ஆப்பை அதோடு இணைத்தோம், முன்பதிவை ரத்து செய்யும் பொத்தானை அழுத்தினால் 404. தோண்டிப் பார்த்தால், முன்பதிவு எண் அனுப்ப வேண்டிய இடத்தில் ஆப் இயந்திர எண்ணை அனுப்பிக்கொண்டிருக்கிறது, முதல் நாளிலிருந்தே. மாக் சர்வர் இத்தனை நாளும் வந்த எண்ணையே மீசைக்குள் வாங்கி "இந்த எண் ரத்தாகிவிட்டது" என்று ஆமாஞ்சாமி போட்டிருக்கிறது. ரெஜெக்ஸ் வைத்திருந்தேன்தான், இரண்டும் ஆறு இலக்க எண்கள்.

மாப்ள, போட்டுக்கோ. என் மேப்பிங் கோப்புறையை அப்படியே அனுப்பி வைக்கிறேன். ரத்து செய்கிற கோப்பை மட்டும் ராத்திரி திருத்திவிட்டு நாளைக்கு அனுப்புகிறேன், நாளை மறுநாள் மறுபடியும் நீடாமங்கலம் போக வேண்டியிருக்கிறது. போனில் எடுத்தவுடனே அவர் கேட்ட கேள்வி, "இந்தத் தடவையாவது காசு உண்டா தம்பி?"