போர்வை தைக்கும் சட்டம் (ஃபிரேம்) வாங்குமுன் தையல் மிசினை அளந்து பாருங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் வீட்டில் தையல் வேலை செய்கிற அக்கா தங்கச்சிகள் இதைக் கொஞ்சம் படியுங்கள். வீட்டு மிசினிலேயே பெரிய போர்வை தைக்கலாம் என்று ஒரு சட்டத்தை விற்கிறார்கள். 1,900 வெள்ளி கொடுத்து வாங்கி நான் ஏமாந்துவிட்டேன்.

மிஞ்சுகிற துண்டுத் துணியில் குவில்ட் போர்வை செய்து விற்கிறேன். மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி, மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் பெரிய பாடு, கட்டில் அளவுப் போர்வையைச் சுருட்டி மிசினுக்குள் திணித்துத் தைத்தால் தோள்பட்டை விட்டுப்போகும். சட்டத்தில் துணி குழாய்களில் இழுத்துக் கட்டியபடி இருக்கும், மிசின் சக்கரப் பலகையில் உட்கார்ந்து நாம் தள்ளுகிற பக்கம் ஓடும். "எந்த மிசினும் ஓடும்கா, குவீன் சைஸ் ஒரே நாளில் முடியும்" என்று அதை விற்ற தம்பி வீடியோ காட்டினார். அதில் ஓடியது கை நீண்ட பெரிய மிசின் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

என் மிசினில் ஊசிக்கும் வலதுபக்கத் தூணுக்கும் நடுவே ஆறரை அங்குலம்தான். வீட்டு மிசின்கள் பலவற்றில் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தைத்து முடித்த துணியைச் சுற்றுகிற குழாய் அந்த இடைவெளிக்குள்ளேதான் போக வேண்டும், சுற்றச் சுற்ற அது பருத்துக்கொண்டே வரும். பாதிப் போர்வை தாண்டியதும் தைக்க எனக்கு மூன்று அங்குலம்கூட மிஞ்சவில்லை, அதில் பூ எங்கே போடுவது? சின்னப் பிள்ளைப் போர்வைக்கு வேண்டுமானால் சரி.

மிசினை ஓட்டக் காலால் அழுத்துகிற மிதி தரையில் கிடக்கிறது, மிசினோ பத்தடி ஓடுகிறது. கைப்பிடியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி தனிக் காசு என்பதைப் பணம் கட்டிய பிறகுதான் சொன்னார். அதைவிட மோசம் சக்கரப் பலகை ஓடுகிற தண்டவாளம். மூன்று துண்டாக வந்தது, இணைப்பில் ஒரு மயிரிழை மேடு. சக்கரம் அங்கே ஏறும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு குதி, தையல் அந்த இடத்தில் கோணிக்கொள்ளும். போர்வையை விரித்தால் ஒவ்வொரு வரிசையிலும் அதே இடத்தில் அதே கோணல், மேலிருந்து கீழ்வரை கோடு போட்ட மாதிரி. ஒரு டீச்சர் மகள் கல்யாணத்துக்குக் கேட்ட போர்வை அது. இரண்டு இரவு உட்கார்ந்து தையலைப் பிரித்தேன், மேல்துணியில் ஊசித் துளை மறையவே இல்லை, கடைசியில் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

தம்பியிடம் கேட்டால், மிசின் பழசு என்கிறார், பெட்டி பிரித்தாச்சு, திருப்பி எடுக்க முடியாது என்கிறார். இப்போது போனையே எடுப்பதில்லை.

வாங்கத்தான் வேண்டும் என்றால் உங்கள் மிசினையே தூக்கிக்கொண்டு போய் அவர் சட்டத்தில் வைத்து, குழாயில் ஒரு தடித்த போர்வையைச் சுற்றிவிட்டுத் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். துணி தள்ளும் பற்களைக் கீழே இறக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

நான் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கப் போகிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். இதே சட்டத்தை வாங்கியவர்கள் ரசீதையும் அவர் அனுப்பிய வாட்சப் செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள்.