எதுக்களிக்கும் பிள்ளையோடு நெல்லைக்கு ஐந்து வாரம்

நான்கு மாதக் கைக்குழந்தை. ஒவ்வொரு வேளைப் பாலுக்கும் பின்னால் மூன்று நான்கு முறை கக்குவாள். அவளைத் தூக்கிக்கொண்டு லண்டனில் இருந்து திருநெல்வேலி வரை போகலாமா என்று நவம்பர் முழுக்க நானும் மனைவியும் பேசினோம். கடைசியில் களைப்புதான் முடிவெடுத்தது. மூன்று மாதமாக இருவருமே சேர்ந்தாற்போல் நான்கு மணி நேரம் தூங்கியதில்லை. பால் குடித்ததும் அரை மணி நேரம் தோளில் நிமிர்த்திப் பிடிப்பது என் பொறுப்பு. கீழே கிடத்திய பத்தாவது நிமிடம் முதுகை வில்லாக வளைத்து வீறிடுவாள், மறுபடி தோள். ஒரு மணி நேரம் யாராவது பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டால் போதும் என்ற நிலையில்தான் டிக்கெட் போட்டோம்.

இதற்கு ஊரில் நல்ல சொல் இருக்கிறது: எதுக்களிப்பு. உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் ஒரு வளையத் தசை உண்டு. கைக்குழந்தைக்கு அது அடிக்கடி தளர்ந்துவிடும். குடிப்பது எல்லாம் பால், நாள் முழுக்கப் படுக்கை. ஆகவே உள்ளே போனது மேலே வருகிறது. பத்துக் குழந்தைகளில் நான்கு பேருக்காவது இது உண்டு. பெரும்பாலும் எட்டு வாரத்துக்கு முன்பே தொடங்கி, பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு வயதுக்குள் தானாகவே நின்றுவிடும். எங்கள் மருத்துவர் முதல் தடவையே இதைச் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை அலறும்போது, அது நிற்க இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்பதுதான் மனதில் நிற்கும்.

லண்டனில் எங்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பிறந்த இரண்டாவது வாரம் வீட்டுக்குச் செவிலியர் வந்தார். எட்டாவது வாரம் இன்னொரு பரிசோதனை. நடுவில் தொலைபேசியில் மருத்துவர் பேசினார், அல்ஜினேட் தூள் பாக்கெட் எழுதிக் கொடுத்தார். பாலில் கலந்தால் வயிற்றில் கெட்டிப்பட்டு நிற்கும் தூள் அது. கக்கல் கொஞ்சம் குறைந்தது, மலம் இறுகியது. என்ன பால், எத்தனை வேளை என்று எல்லோரும் கேட்டார்கள். ஆனால் அவள் குடிப்பதை முதலில் இருந்து கடைசி வரை உட்கார்ந்து பார்க்க யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. அப்படி ஒருவர் பார்க்க வேண்டும் என்பது ஊருக்குப் போகும்வரை எங்களுக்கும் தோன்றவில்லை.

பயணம் பயந்த அளவுக்கு இல்லை. லண்டன் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் குழந்தைக்கான பாலை 100 மில்லிக்கு மேலும் கொண்டுபோக விடுகிறார்கள். தூள் பாக்கெட்டுகளை மருந்துச் சீட்டின் நகலோடு அதன் பெட்டியிலேயே வைத்திருந்தோம். ஒரு கேள்வியும் வரவில்லை. விமானத்தில் மாட்டித் தருகிற தொட்டில், பால் குடித்த உடனே கிடத்த முடியாத எங்கள் பிள்ளைக்கு அதிகம் உதவவில்லை. மாறி மாறி நெஞ்சில் சாய்த்துக்கொண்டே வந்தோம். சென்னையில் ஒரு நாள் தங்கிவிட்டு எழும்பூரில் வந்தே பாரத் ஏறினோம். 2023 செப்டம்பரில் விட்ட வண்டி அது. எட்டு மணி நேரத்துக்குள் நெல்லை. படுக்கை இல்லாத ரயிலில் குழந்தையோடு எப்படி என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். எதுக்களிக்கும் பிள்ளைக்கு உட்கார்ந்து போகிற வண்டிதான் தோது. விழுப்புரம் தாண்டுவதற்குள் முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா, “கொண்டாங்க தம்பி, நீங்க சாப்பிடுங்க” என்று பிள்ளையை வாங்கிக்கொண்டார். தன் சேலையில் கக்கியதை முந்தானையால் துடைத்துவிட்டுத் திருச்சி வரை வைத்திருந்தார். நான் சாப்பிட்டு, இருபது நிமிடம் தூங்கியும் விட்டேன்.

கார் விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். குழந்தை இருக்கையை லண்டனில் இருந்தே கொண்டுபோயிருந்தோம். நெல்லையில் வாடகைக்கு எடுத்த வண்டியில் பின் இருக்கை பெல்ட் மொத்தமும் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தது. அதைத் தோண்டி எடுக்கவே கால் மணி நேரம். முன்பதிவு செய்யும்போதே பெல்ட்டை வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிடுங்கள். பால் கொடுத்த உடனே அந்த இருக்கையில் வைக்கவும் வேண்டாம். வயிறு மடங்கி, குடித்தது அப்படியே வெளியே வருகிறது.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிப் பக்கம். வீட்டுக்குள் நுழைந்ததுமே ஆச்சி பிள்ளையைப் பார்த்தார், தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். “கக்குற பிள்ளை தக்கும். பயப்படாதீக” என்றார். மருத்துவர் சொன்ன அதே செய்திதான். ஆச்சி சொன்னதும் மனைவி அழுதுவிட்டாள்.

மறுநாளில் இருந்து வைத்தியங்கள் வரத் தொடங்கின. அத்தை வசம்பைச் சுட்டு உரசித் தர வேண்டும் என்றார். பக்கத்து வீட்டில் உரம் விழுந்திருக்கும், சேலையில் போட்டு உருட்டி எடுக்கணும் என்றார்கள். இன்னொருவர் தொக்கம் எடுக்கிற ஒருவரின் பெயரைச் சொன்னார். ஒவ்வொன்றையும் அன்பினால்தான் சொன்னார்கள் என்று தெரியும். ஆனாலும் எதற்கும் நாங்கள் சம்மதிக்கவில்லை. வசம்பு குழந்தையின் வயிற்றுக்குள் போகக் கூடாது. அதுவே வாந்தியைக் கொண்டுவரும். கையில் வளையலாகக் கட்டினாலும் வாய்க்குள் போய்விடும். நான்கு மாதப் பிள்ளையைத் துணியில் போட்டு உருட்டுவதும், தொக்கம் என்று வாயில் ஊதுவதும் ஆபத்து. தேன் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது. அத்தையிடம் இதை வாதமாகச் சொல்லவில்லை. “ஆறு மாசம் வரைக்கும் பாலைத் தவிர எதுவும் வேண்டாம்னு டாக்டர் எழுதியே கொடுத்துட்டாங்க அத்தை” என்றேன். எழுதிக் கொடுத்தார்கள் என்றதும் விட்டுவிட்டார். கிரைப் வாட்டர் பாட்டில் மட்டும் அலமாரியில் ஐந்து வாரமும் இருந்தது. அதை நம் வீட்டு மருந்து என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். 1851ல் வில்லியம் உட்வர்டு அதைச் செய்தது இங்கிலாந்தின் நாட்டிங்காமில். எதுக்களிப்புக்கு அது மருந்து இல்லை.

இரண்டாம் வாரம் கக்கல் கூடியது. நகரத்தில் ஒரு தனியார் குழந்தை மருத்துவரிடம் போனோம். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். உள்ளே மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. வாந்தியை நிறுத்தும் டோம்பெரிடோன் சொட்டு மருந்து, அமிலம் குறைக்கிற மருந்து என்று இரண்டு எழுதித் தந்தார். பிள்ளையை எடை போடவில்லை. எவ்வளவு பால் என்று கேட்கவில்லை. டோம்பெரிடோன் இதயத்துடிப்பைப் பாதிக்கலாம் என்பதால் ஐரோப்பாவில் 2014லேயே அதற்குக் கட்டுப்பாடு வந்தது. பிரிட்டனில் 12 வயதுக்குக் கீழே அதற்கு இப்போது அனுமதி கிடையாது. வெறும் கக்கலுக்கு அமிலம் குறைக்கும் மருந்தும் தேவையில்லை. அந்தச் சீட்டோடு மருந்துக் கடை வாசலில் நின்றபோது எனக்கு வந்தது கோபம். அந்த வரிசையில் இருந்த எத்தனை அம்மாக்கள் அதே சீட்டோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்? நாங்கள் வாங்காமல் திரும்பினோம்.

அப்புறம்தான் ஆச்சி, “புதன்கிழமை நர்சம்மா வருவாக, அவகட்ட காட்டுங்களேன்” என்றார். தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். காலை ஒன்பதரைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு அம்மாக்கள் இருந்தார்கள். “பிக்மி நம்பர் என்ன?” என்றார் நர்சம்மா. கர்ப்பம் பதிவாகும்போதே இங்கே தருகிற எண் அது. எங்களுக்கு ஏது? லண்டனில் பிறந்தவள், ஊசி போட வரவில்லை, கக்கலுக்குக் காட்ட வந்தோம் என்றேன். “சரி, கூட்டம் குறையட்டும், இருங்க” என்றார். பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்.

முதலில் துணி எல்லாம் கழற்றி எடை போட்டார். 6.2 கிலோ. லண்டனில் தந்த குழந்தை வளர்ச்சிப் பதிவேடான எங்கள் சிவப்புப் புத்தகத்தில் இருந்த எடைக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்து, “கோட்டுலதானே போறா” என்றார். பிறகு வரிசையாகக் கேள்விகள். கக்குவது பச்சையாக இருக்கிறதா? ரத்தம் கலந்து வருகிறதா? சுவரில் அடிக்கிற மாதிரிப் பீய்ச்சிக்கொண்டு வருகிறதா? வயிறு உப்பிக் கல்லாக இருக்கிறதா? மூத்திரம் எத்தனை தடவை? காய்ச்சல், சோர்ந்து கிடப்பது? எல்லாவற்றுக்கும் இல்லை என்றோம், மூத்திரம் ஏழெட்டுத் தடவை என்றோம். “இதுல ஒண்ணு இருந்தாலும் இங்க உட்காரக் கூடாது, நேரா பெரிய ஆஸ்பத்திரி” என்றார். பச்சை நிறம் குடலில் அடைப்பைக் காட்டலாம். முதல் இரண்டு மாதத்தில் பீய்ச்சி அடிக்கும் வாந்தி, இரைப்பையின் வாசல் தசை தடித்ததால் வரலாம். அதற்கு அறுவை சிகிச்சைதான் வழி. மூன்று நிமிட மருத்துவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை.

அடுத்து அவர் சொன்னதைத்தான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். “இப்போ பால் நேரமா? கொடுங்க, பாக்கேன்.”

இரண்டாம் மாதத்திலேயே பிள்ளை மார்பில் குடிப்பது நின்றுபோயிருந்தது. பீய்ச்சி எடுத்த பாலும் பவுடர் பாலும் பாட்டிலில்தான். நான் கொடுத்தேன். நர்சம்மா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். 180 மில்லி ஆறு நிமிடத்தில் முடிந்தது. நடுவில் பிள்ளை இரண்டு முறை கையை விரித்து முகத்தைத் திருப்பினாள். நான் பாட்டிலை மறுபடி வாயில் வைத்தேன். அவள் வேண்டாம் என்றுதான் திருப்பினாள் என்பது எனக்குத் தெரியவே இல்லை. “நிப்பாட்டச் சொல்லுதா, நீங்க திணிக்கீக” என்றார் மெதுவாக. ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டுக் கூட்டினார். 180 வீதம் ஆறு வேளை, அழும்போதெல்லாம் பசி என்று நினைத்து இன்னும் இரண்டு முறை 60. மொத்தம் 1200. கிலோவுக்கு 150 மில்லி என்று கணக்கிட்டால் அவளுக்கு 930 போதும். வலியால் அழுத பிள்ளைக்கு மேலும் பாலைக் கொடுத்து, அந்தப் பாலால் மேலும் வலிக்க வைத்திருந்தோம்.

இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015ல் வெளியிட்ட வழிகாட்டியிலும் புட்டிப்பால் குழந்தைக்கு முதல் படி இதுதான்: எடைக்கு ஏற்ற அளவுக்கு மேல் கொடுத்தால் குறை, சிறிது சிறிதாகப் பல வேளை கொடு. அதற்குப் பிறகுதான் கெட்டியான பால், அதற்கும் பிறகுதான் அல்ஜினேட். எங்கள் கைக்கு அல்ஜினேட் முதலிலேயே வந்துவிட்டது.

நர்சம்மா 115 மில்லி வீதம் எட்டு வேளை என்று ஒரு சீட்டில் எழுதினார். பாட்டில் காம்பின் ஓட்டை பெரிது என்றார். முடிந்தால் பாலாடையில் கொடுங்கள் என்றார், மூக்கு வைத்த சின்னக் கிண்ணம் அது. பாட்டில் வேண்டாம் என்பது இந்தியாவில் சுகாதாரத் துறையின் நெடுநாள் கொள்கை. பால் பவுடரையும் பாட்டிலையும் விளம்பரம் செய்யவே 1992ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. ஆனால் அவர் எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தாய்ப்பால் ஏன் நின்றது, வலித்ததா என்று மனைவியிடம் தனியாகக் கேட்டார். மறுபடி முயன்று பாருங்கள், வராவிட்டால் மனசு விட்டுடாதீங்க என்றார். வரவில்லை. ஆனாலும் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான் என்று மனைவி சொல்கிறாள்.

பாலாடை ஆச்சி வீட்டுப் பரணில் இருந்தது, நான் குடித்ததே. பிள்ளையைப் பாதி உட்கார்ந்த நிலையில் மடியில் வைத்து, பாலாடையின் மூக்கை அவள் உதட்டு ஓரத்தில் தொட்டால் போதும். அவளே நக்கி இழுத்துக்கொள்வாள். ஊற்றக் கூடாது, புரையேறும். ஒரு வேளை இருபது நிமிடம் ஆகும். மூன்றாம் நாளே கக்கல் பாதியானது. இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்தால் பாலாடை சுத்தம். பவுடருக்கான வெந்நீரை மட்டும் கொதிக்கவைத்து அரை மணி நேரத்துக்குள், சூடு 70 டிகிரிக்குக் கீழே போகுமுன் கலந்து, பிறகு ஆற வைத்தோம்.

தூக்கத்தில் மட்டும் வீட்டோடு ஒத்துப்போக முடியவில்லை. தூளியில் போட்டால் உடனே அமைதியாவாள், உண்மைதான். ஆனால் தூளியில் தலை குனிந்து முகவாய் நெஞ்சில் பட்டால் மூச்சு தடைப்படலாம். எதுக்களிக்கிற பிள்ளைக்கும் இரவில் சமதளத்தில் மல்லாந்த படுக்கைதான். தலைக்குத் தலையணை, சாய்வுப் பலகை எதுவும் வேண்டாம். கக்கியது மூச்சுக்குழாய்க்குப் போய்விடும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருப்பதால் பால் அவ்வளவு எளிதாக அங்கே ஏறாது. ஆகவே பகலில் ஆச்சி பக்கத்திலேயே உட்கார்ந்து ஆட்டும்போது மட்டும் தூளி என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

பேருந்து நிலையங்களில் 2015 முதல் இருக்கும் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளையும் பயன்படுத்தினோம். ஒன்றில் மின்விசிறி, நாற்காலி, குழாய் எல்லாம் ஒழுங்கு. இன்னொன்று பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று கேட்டு முடிப்பதற்குள் பிள்ளை அழுது ஓய்ந்துவிட்டாள். அப்பாக்களுக்கு அங்கே இடமில்லை. பால் கொடுப்பது நானாக இருந்ததால் பல முறை காரிலேயே கொடுத்தேன்.

கிளம்புவதற்கு முந்தைய புதன்கிழமை மறுபடி போய் எடை போட்டோம். 6.7. நர்சம்மா கைக்கு ஒரு டப்பா பிஸ்கட் கொண்டுபோனேன். வாங்கவில்லை, ஊசிக்கு வந்த பிள்ளைகளின் அம்மாக்களுக்குக் கொடுக்கச் சொன்னார். பாலாடையை ஆச்சி எங்களுக்கே தந்துவிட்டார். லண்டனில் 16 வார ஊசியைத் தாமதமாகப் போடப் போனபோது, சேரன்மகாதேவிப் பக்கம் போட்ட இரண்டு எடையையும் சிவப்புப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி அந்தச் சீட்டை நீட்டினேன். செவிலியர் அதைப் பார்த்து, அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, “எப்படிக் கொடுக்கிறீர்கள், காட்டுங்கள்” என்றார். நான் பாலாடையை எடுத்தேன்.