வன்னி வெயிலில் ஒரு யூனோஸ் ரோட்ஸ்டர்: வாங்கி, ஓட்டி, விற்ற அனுபவம்

வன்னியில் ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று என்னிடம் கேட்காத ஆள் குறைவு. நியாயமான கேள்விதான். ஏ9 வீதியில் ஊர்மனைக்கு வெளியே 70 கிலோமீற்றர்தான் வேக எல்லை, ஊருக்குள் 50. மிச்ச வீதிகளில் பாதிக்குக் கிரவல். அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் பக்கத்துக்குப் பலம் கூடிய கார் வீண், பாரம் குறைந்த கார் என்றால் தாராளமாக வைத்திருக்கலாம். ஆனால் வீட்டில் அது இரண்டாவது வாகனமாக இருக்க வேண்டும்.

2017 முதல் 2025 வரை என்னிடம் இருந்தது 1992ஆம் ஆண்டு மஸ்டா. யப்பானில் இதை யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்றார்கள். மற்ற நாடுகளில் எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா. 1989இல் சிக்காகோ கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறை, முன் விளக்குகள் பொனற்றுக்குள்ளிருந்து எழும்பி நிற்கும் வகை. 1.6 லீற்றர் எஞ்சின், 120 குதிரைவலு, ஐந்து கியர், பின் சில்லு ஓட்டம், இரண்டே இருக்கை, துணிக்கூரை. எடை ஏறத்தாழ 940 கிலோ. இந்த எடைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

120 குதிரைவலு இன்று ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் எஞ்சினை முன் அச்சுக்குச் சற்றுப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். பாரம் முன்னும் பின்னும் கிட்டத்தட்டச் சரிபாதி. கியர்பொக்ஸையும் பின் டிஃபரன்சலையும் நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று இறுக்கிப் பிடிப்பதால், அக்சிலேற்றரை மிதித்தவுடனே கார் தாமதமில்லாமல் பதில் சொல்லும். கியர் கம்பியை மணிக்கட்டால் தட்டினாலே அடுத்த கியர் விழும். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குக் காடு நடுவே போகும் வீதியில், சட்டம் அனுமதிக்கும் வேகத்திலேயே ஒவ்வொரு வளைவையும் ரசித்து எடுக்கலாம். என் நண்பர் ஒருவரின் ரேர்போ லான்சர் அதே வீதியில் மூன்றாம் கியரிலேயே அலுத்துப் போகும். அதை ரசிக்க வேண்டுமென்றால் சட்டத்தை மீற வேண்டும், அல்லது அனுராதபுரம் சாலியபுரவில் நடக்கும் கஜபா சுப்பர்க்ரொஸ் மாதிரிப் போட்டிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொரு நல்ல ஓட்டம் பூநகரிப் பக்கம். 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தில் விடியற்காலை கூரையைத் திறந்துவிட்டுப் போனால், கடனீரேரிக் காற்று இரண்டு பக்கமும் அடிக்கும். போய் வந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உப்புக்காற்று பழைய தகரத்தை விட்டுவைக்காது.

கூரை திறந்த கார் என்றவுடன் எல்லோரும் நினைப்பது ஒன்று, நடப்பது வேறு. காலை எட்டு மணிக்கு மேல், பின்னேரம் ஐந்துக்கு முன் கூரையைத் திறந்தால் மண்டை காயும். ஆகவே பகலில் கூரையை மூடி ஏ.சி. போட்டுத்தான் ஓட்டினேன். இந்த ஆண்டுக் கார்களில் ஏ.சி.க்கு ஆர்-12 வாயு. அது இப்போது கிடைக்காது, ஆர்-134ஏக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது ஒயிலையும் சீல்களையும் சேர்த்து மாற்றாமல் வாயுவை மட்டும் அடித்துவிட்டால் கொஞ்ச நாளில் பழைய கதைதான். வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

அதைவிடப் பெரிய விசயம் எஞ்சின் சூடு. இந்த எஞ்சின், மஸ்டாவின் பமிலியா காரில் குறுக்காகப் படுத்திருக்கும் பி6 குடும்பத்தைச் சேர்ந்தது. ரோட்ஸ்டரில் அதை நெடுக்காகத் திருப்பி வைத்தபோது, தண்ணீர் வெளியேறும் வாயைப் பின்னாலிருந்து முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். அதனால் பின் சிலிண்டருக்குப் போதிய ஓட்டம் கிடைப்பதில்லை, அதுதான் எப்போதும் கூடச் சுடும். குளிர் நாட்டில் இது யாருக்கும் தெரியாமலே போகும். சித்திரை, வைகாசியில் கிளிநொச்சிச் சந்தையடியில் நெரிசலுக்குள் நின்றால் தெரியும். றேடியேற்றரின் மேல்தொட்டி பிளாஸ்ரிக். முப்பது வருடத்தில் கறுப்பு நிறம் போய்ப் பழுப்புப் பச்சையாகிவிடும். அந்த நிறம் வந்தால் வெடிக்கப் போகிறது என்று பொருள். நான் வெடிக்கும்வரை காத்திருக்காமல் முழு அலுமினிய றேடியேற்றர் போட்டு, விசிறி, தேர்மோஸ்ரற், குழாய்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றினேன். வெப்பத்தை எண்ணாகக் காட்டும் தனி மீற்றர் ஒன்றும் பொருத்தினேன். இந்தக் காருக்குச் செய்த செலவில் ஒரு சதமும் வீணாகாத செலவு இதுதான்.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். அதையே றேடியேற்றருக்குள் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலன்ரும் காய்ச்சி வடித்த தண்ணீரும் தவிர வேறெதுவும் உள்ளே போகக்கூடாது.

அப்புறம் மாரி. துணிக்கூரையின் பின் மூலைகளில் இரண்டு வடிகால் துளைகள் உண்டு. கூரையில் விழும் மழைநீர் அவை வழியாக இறங்கிப் பின் சில்லுக்கு முன்னால் வெளியேற வேண்டும். அடைத்தால் தண்ணீர் கம்பளத்துக்குள்ளும் கதவடிச் சட்டத்துக்குள்ளும் இறங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ற் பளபளவென்று இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. என் கார் நின்றது வேம்புக்குக் கீழே. நிழல் நல்லது, ஆனால் வேப்பம்பூவும் சருகும் அந்தத் துளைகளைத் தேடிப் போய் அடைக்கும். ஒவ்வொரு ஐப்பசிக்கும் முன்னால் நெகிழும் பிளாஸ்ரிக் கம்பியை மெதுவாக விட்டுத் துப்புரவாக்குவேன். கூரிய கம்பியை விட்டால் உள்ளே இருக்கும் குழாய் கிழிந்துவிடும், கவனம். பிறகு ஓலையால் ஒரு கொட்டில் போட்டேன். தகரக் கொட்டிலைவிட அதற்குள் நல்ல குளிர்ச்சி. அணில்கள் மட்டும் வயர்களைக் கடிக்க வந்துகொண்டே இருந்தன. பக்கத்து வீட்டு ஆடு துணிக்கூரையில் ஏறப் பார்த்த கதையை விட்டுவிடுகிறேன்.

வீதி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிரவலில் மெதுவாகப் போக வேண்டும், வேகத்தடைகளைச் சரிவாக ஏற வேண்டும், காற்று வடிகட்டியைப் புத்தகம் சொல்வதைவிட விரைவாக மாற்ற வேண்டும். ரயர் 185/60, 14 அங்குலம். சாதாரணக் கார்களுக்கும் அதே அளவு என்பதால் எங்கும் எடுக்கலாம். இரவில் மாடுகள்தான் ஆபத்து. தார் சூடாக இருக்கும் என்று அவை வீதியில் படுக்கும், இந்தக் காரின் இருக்கையோ நிலத்தோடு ஒட்டியிருக்கும். முழு இருட்டில் வெளியூர் ஓட்டத்தை நான் தவிர்த்தேன்.

பராமரிப்புக்கு ஆள் கிடைக்குமா என்ற பயம் தேவையில்லை. என் காரைப் பார்த்தவர், போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத நாட்களில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறை மெக்கானிக். கொஞ்சம் பெற்றோலை விட்டு எஞ்சினைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் புகை மணம் தெரியும். அப்படிப்பட்டவருக்கு ஒரு கார் சத்தத்திலேயே பாதி விசயத்தைச் சொல்லிவிடும். காலையில் எஞ்சின் மேலிருந்து தையல் மெசின் மாதிரி ஒரு தட்டல் கேட்கும். அது வால்வு லிஃப்ரருக்குள் ஒயில் நிரம்பாத சத்தம், பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் பொனற்றைத் திறக்காமலே சொன்னார். நல்ல ஒயிலை ஒழுங்காக மாற்றினால் குறையும்.

"தம்பி, இதுக்குள்ள கொம்பியூட்டர் இருக்குதெல்லோ" என்று மட்டும் முதலில் தயங்கினார். அதற்கும் வழி உண்டு. எஞ்சின் அறையில் இருக்கும் டயக்னோஸ்ரிக் பெட்டியில் குறிப்பிட்ட இரண்டு முனைகளை ஒரு வயரால் இணைத்து, சிறிய எல்இடி விளக்கு ஒன்றைத் தொடுத்தால், கோளாறின் எண்ணை விளக்கு மினுக்கி மினுக்கிக் காட்டும். அதைப் பார்த்த பிறகு அவருக்குத் தயக்கம் போய்விட்டது. ரைமிங் பெல்ட்டை ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தவறி அறுந்தாலும் இந்த எஞ்சினில் வால்வு பிஸ்ரனில் இடிக்காது. கார் நடுவழியில் நிற்கும், அவ்வளவுதான். வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டிய பெரிய விசயம் கிராங்க் மூக்கு, அதாவது கிராங்க் தண்டில் முன் புல்லி பொருந்தும் முனை. 1991 நடுப்பகுதிக்கு முந்திய எஞ்சின்களில் அது குட்டை, புல்லியைப் பூட்டும் சாவிக்கட்டை ஆடித் தேயும். முன் புல்லியில் நான்கு வெட்டு இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீளம். பாகங்களில் சில பமிலியாவோடு ஒத்துப்போகும், கொழும்பு பஞ்சிகாவத்தைப் பாகக் கடைகளில் தேடலாம். உடல் பாகங்களும் துணிக்கூரையும் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபது வரை ஏறியது, பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. அந்த ஆனியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். ஆடியில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. வீட்டுத் தேவைக்கே போதாத நேரத்தில் ரோட்ஸ்டர் கொட்டிலுக்குள் கிடந்தது. ஓட்டுவதைவிட நிறுத்தி வைப்பதுதான் பழைய காரைக் கூடக் கெடுக்கும். பிரேக் கலிப்பர் இறுகியது, கிளச்சின் கீழ்ச் சிலிண்டர் கசிந்தது. பற்றரி டிக்கிக்குள் இருப்பதால் சாதாரண அமிலப் பற்றரி வைத்தால் ஆவி தகரத்தை அரிக்கும். வெளியேற்றுக் குழாய் உள்ள மூடிய பற்றரிதான் வேண்டும், அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

அந்த நாட்களில் காரை உயிரோடு வைத்தது எங்கள் வட்டம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலுமாக ஒரு கைப்பிடி ஆட்கள். ஒருவரிடம் ஹொண்டா ஈகே சிவிக், ஒருவரிடம் ரொயோட்டா லெவின், ஒருவரிடம் அந்த லான்சர். எழுதாத சில ஒழுங்குகள் உண்டு. கருவி இரவல் கொடுத்தால் கேள்வி இல்லை. யாராவது கொழும்புக்குப் போனால் எல்லோருடைய பாகப் பட்டியலும் அவரோடு போகும். கார் விற்பதென்றால் முதலில் வட்டத்துக்குள் சொல்ல வேண்டும், விலையை ஒரு தடவைதான் சொல்ல வேண்டும், தெரிந்த குறையை மறைக்கக்கூடாது. கடைசி ஒழுங்குதான் முக்கியம். எல்லோரும் எல்லோருடைய காருக்குக் கீழேயும் படுத்தவர்கள், மறைத்தாலும் பிடிபடும்!

2025 மாசியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்தது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இரண்டு இருக்கைக் கார் வீட்டுக்கு உதவாது. விற்கலாம் என்று வாய்திறந்தவுடன் வந்த முதல் கேள்விகள் வட்டத்துக்கு வெளியிலிருந்து. சாமத்தியவீட்டுக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விட ஒருவர் கேட்டார். பிள்ளையை முதுகுப்புறத்தில் ஏற்றி ஊர்வலம் விட நல்ல வண்டியாம். நல்ல விலைதான். ஆனால் நடை வேகத்தில், மத்தியான வெயிலில், மேளத்துக்குப் பின்னால் இந்த எஞ்சின் போவதை நினைத்தாலே எனக்கு வெப்ப மீற்றர்தான் கண்ணுக்கு வந்தது. ஆடி விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் பவுணில் விலை பேசினார். வருடத்தில் நான்கு கிழமை ஓட்டிவிட்டு மிச்ச நாள் பூட்டி வைப்பாராம்.

வாங்கியவர் வவுனியாவில் இருக்கும் ஒரு இளைஞர், லெவின்காரரின் ஒன்றுவிட்ட தம்பி. காந்தத்தோடு வந்து கதவடிச் சட்டம் முழுக்கத் தட்டிப் பார்த்தார், துருவை மறைக்கப் புட்டி பூசியிருக்கிறதா என்று. குளிர்ந்த எஞ்சினைத் தானே தொடக்கினார், புல்லியின் வெட்டுகளை எண்ணினார். நான் பில்களும் படங்களும் வைத்திருந்த கோவையைக் கொடுத்தேன். இடதுபுறச் சட்டத்தில் போட்ட ஒட்டு, மங்கிப்போன பின் பிளாஸ்ரிக் யன்னல், மூன்றாம் கியரின் குளிர்நேரக் கரகரப்பு எல்லாவற்றையும் காட்டினேன். "அண்ணை, வெள்ளம் உள்ளுக்கு வருமோ?" என்று கேட்டார். நீர் ஊற்றிக் காட்டினேன்.

கைமாறிய தொகையைச் சொல்வதாக இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: அலுமினிய றேடியேற்றருக்கும் ஏ.சி. மாற்றத்துக்கும் கொடுத்த காசு விலையில் திரும்பி வராது. ஆனால் அவை இருந்ததால் பேரம் நீளவில்லை. பதிவுப் பெயரை மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் கொடுக்கச் சொன்னார்கள் சிலர். நான் மறுத்துவிட்டேன். கார் எங்கே என்ன செய்தாலும் கடிதம் பதிவுப் பெயருக்குத்தான் வரும். உரிமை மாற்றத்துக்கான எம்.ரி.ஏ. 6, 8 படிவங்களில் அன்றே ஒப்பம் வைத்து, அடையாள அட்டைப் பிரதிகளையும் இணைத்து, என் பக்க அறிவித்தலை நானே பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மிச்சமிருந்த பழைய பாகங்களையும் ஒரு பெட்டியில் கட்டிக் கொடுத்துவிட்டேன். முதல் கியர்பொக்ஸ் ஒயில் மாற்றத்தைத் தள்ளிப் போடாதே என்று சொல்லியிருக்கிறேன். அந்த மூன்றாம் கியர் இன்னும் சில வருடம் தாங்கும். இப்போது என்னிடம் நிற்பது ஒரு சின்ன ஒட்டோ கியர் கார். அதில் எழுத ஒன்றும் இல்லை.