நாகசாகியா, ஹக்கோடாட்டேயா?

இரண்டுமே மலைச்சரிவில் ஏறி நிற்கும் ஜப்பானியத் துறைமுக நகரங்கள். இரவுக் காட்சிக்காக ஏறும் மலைகளின் உயரம்கூட ஏறத்தாழ ஒன்றுதான்: நாகசாகியின் இனாசா மலை 333 மீட்டர், ஹக்கோடாட்டே மலை 334.

சாப்பாட்டுக்காகவே பயணம் போகிறவருக்கு ஹக்கோடாட்டே. ரயில் நிலையத்தை ஒட்டிய காலைச் சந்தையில் கணவாய் பச்சையாகவே சோற்றின் மேல் வரும். அது ஒவ்வாதவருக்கு நாகசாகியின் சாம்பொன் இருக்கிறது: காய்கறி, பன்றி இறைச்சி, கடலுணவு எல்லாம் சேர்ந்து கொதித்த நூடுல்ஸ். போர்ச்சுகீசியர் வழி வந்த காஸ்தெல்லா கேக்கையும் விடாதீர்கள்.

பண்பாட்டில் போட்டியே இல்லை. ஹக்கோடாட்டேயின் நட்சத்திர வடிவக் கோரியோகாக்கு கோட்டை அழகுதான். ஆனால் ஒரு பிற்பகல் போதும். நாகசாகியிலோ டச்சு வணிகர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்த தெஜிமா, சீனக் கோயில்கள், ஓவுரா தேவாலயம், 1945 ஆகஸ்ட் 9 அணுகுண்டுத் தாக்குதலுக்கான அருங்காட்சியகம் என்று இரண்டு நாளும் பற்றாது. பனிதான் வேண்டுமென்றால் மட்டும் வடக்கே ஹக்கோடாட்டேக்குப் போங்கள்.