டாட்ஜர்ஸ் வரிசையில் முதல் இடம் யாருக்கு: பெட்ஸா, ஓட்டானியா?

2024 ஜூன் 16. கன்சாஸ் சிட்டி ராயல்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் மணிக்கு 98 மைல் வேகப் பந்து ஒன்று மூக்கி பெட்ஸின் இடது கையில் பட்டு எலும்பை முறித்தது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் மட்டை வரிசையில் அப்போது முதல் பேட்டர் அவர்தான். அதுவரை 72 ஆட்டங்களில் பேட்டிங் சராசரி .304 (ஆயிரம் வாய்ப்புக்கு 304 ஹிட் என்ற விகிதம்), ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) 10. மறுநாள் கொலராடோவில் மேலாளர் டேவ் ராபர்ட்ஸ், அதுவரை இரண்டாவதாக ஆடிய ஷோஹேய் ஓட்டானியை முதல் இடத்துக்கு ஏற்றினார். வேறு வழியில்லாமல் செய்த மாற்றம்தான். ஆனால் ஆகஸ்ட் 12 அன்று பெட்ஸ் திரும்பி வந்தபோது ராபர்ட்ஸ் அவருக்குப் பழைய இடத்தைக் கொடுக்கவில்லை; ஓட்டானி முதலில், பெட்ஸ் இரண்டாவது என்றே வைத்துக்கொண்டார். அது சரியான முடிவு என்பது என் கருத்து. ஆனால் அதற்குப் பலரும் காட்டும் காரணத்தை, அதாவது அந்த ஜூன் மாத எண்களின் கணக்கை, நான் ஏற்கமாட்டேன்.

அந்தக் கணக்கு மயக்கக்கூடியதுதான். ஜூனில் ஓட்டானி அடித்த ஹோம் ரன்கள் 12. பெட்ஸுக்கு அடிபட்ட நாள் தொடங்கி 26ஆம் தேதிவரை தொடர்ந்து 10 ஆட்டங்களில் ரன் சேர்த்துக் கொடுத்தார். டாட்ஜர்ஸ் வரலாற்றிலேயே அது சாதனை. ஆனால் ஜூனின் முதல் பாதியில் அவர் இரண்டாவது இடத்தில்தான் ஆடினார். அந்தப் பத்து ஆட்டத் தொடரின் முதல் ஆட்டமும், அதில் அடித்த இரண்டு ஹோம் ரன்களும், இரண்டாவது இடத்திலிருந்து வந்தவையே. முதல் இடம் கொடுத்ததால்தான் அவர் வெளுத்து வாங்கினார் என்று சொல்ல இடமே இல்லை. அடுத்த மாதத்தையும் பாருங்கள். ஓட்டானி முதல் இடத்திலேயே இருக்க, ஜூலையில் டாட்ஜர்ஸுக்கு 11 வெற்றி, 13 தோல்வி. வரிசையா தோற்றது? இல்லை. யோஷினோபு யமமோட்டோ ஜூன் நடுவிலிருந்து பந்து வீசவில்லை, மேக்ஸ் மன்சி மே மாதத்திலிருந்தே வெளியில், பெட்ஸும் இல்லை.

பெட்ஸ் பக்கத்திலும் இதே கதைதான். 2023 ஆகஸ்டில் அவர் முதல் இடத்தில் ஆடி .455 சராசரி வைத்தார், 11 ஹோம் ரன் அடித்தார், அணி 24 வென்று 5 மட்டுமே தோற்றது. ஒரு முதல் பேட்டரிடமிருந்து அதைவிட நல்ல மாதத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த அக்டோபர் பிளேஆஃபில் அரிசோனாவிடம் மூன்றே ஆட்டங்களில் டாட்ஜர்ஸ் வெளியேறியபோது, அதே வரிசையில் அதே பெட்ஸ் 11 வாய்ப்புகளில் ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை.

சரி, மாதத்தை ஒதுக்கிவிட்டு எதைப் பார்ப்பது?

முதலில், எத்தனை முறை ஆட வருகிறார் என்பது. கிரிக்கெட்டில் அவுட்டானவர் பெவிலியனோடு சரி. பேஸ்பாலில் ஒன்பது பேரும் சுற்றிச் சுற்றி வருவார்கள், ஆட்டம் முடியும் இடத்தில் வரிசை நின்றுவிடும். அதனால் வரிசையில் ஒரு படி மேலே போனால் ஒரு சீசனில் ஏறத்தாழ 18 வாய்ப்புகள் கூடுதலாகக் கிடைக்கும். அது யாருக்குப் போக வேண்டும்? 2024 முழுவதற்குமான எண்களில், அவுட் ஆகாமல் பேஸை அடையும் விகிதம் ஓட்டானிக்கு .390, பெட்ஸுக்கு .372. அடியின் வலுவில், அதாவது ஒரு வாய்ப்புக்கு அடியால் சராசரியாக எத்தனை பேஸ் எடுக்கிறார் என்பதில், இடைவெளி இன்னும் பெரிது: .646க்கு எதிராக .491. பெட்ஸுக்குச் சாதகமாக ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. அவர் எளிதில் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி வெளியேறுவது) ஆகமாட்டார். 116 ஆட்டங்களில் 57 முறைதான். ஓட்டானியோ 159 ஆட்டங்களில் 162 முறை. முதல் பேட்டர் பந்துகளை நிறையப் பார்த்து, வீசுபவரைக் களைப்பாக்க வேண்டும் என்ற பழைய பாடத்துக்குப் பெட்ஸ்தான் பொருத்தம். ஆனால் இந்த இருவரில் யார் அடுத்தடுத்து வந்தாலும் வீசுபவர் களைத்துத்தான் போவார்.

"ஓட்டானியை முதலில் ஆடவிட்டால் அவருடைய ஹோம் ரன்கள், பேஸில் ஓடிவர ஆளில்லாமல், வீணாகும்" என்ற வாதம் அப்போது ஓயாமல் கேட்டது. ஆட்டத்தின் முதல் வாய்ப்பில் மட்டும்தான் அது உறுதி. அதற்குப் பிறகு அவருக்கு முன்னால் எட்டாவது, ஒன்பதாவது ஆட்டக்காரர்கள் பேஸை அடைந்தார்களா என்பதைப் பொறுத்தது. 2022 முதல், டாட்ஜர்ஸ் ஆடும் நேஷனல் லீக்கிலும் வீசுபவர் மட்டை பிடிக்க வேண்டியதில்லை, அவருக்குப் பதில் ஒரு பேட்டர் ஆடலாம்; ஆகவே ஒன்பதாவது இடம் முன்போல ஓட்டை அல்ல. ஆகஸ்ட் 23 அன்று டாம்பா பே ரேஸுக்கு எதிராக, ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட்டுக்குப் பிறகு ஓட்டானி கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது ஹோம் ரன்) அடித்து ஆட்டத்தை முடித்தாரே, அவர் அன்றும் முதல் பேட்டர்தான். சீசன் முடிவில் 130 ரன்கள் சேர்த்துக் கொடுத்திருந்தார்.

எனக்கு முடிவைத் தீர்த்துவைப்பது இடக்கை, வலக்கைக் கணக்கு. ஓட்டானி இடக்கை, பெட்ஸ் வலக்கை, அப்போது மூன்றாவதாக வந்த ஃப்ரெடி ஃப்ரீமன் இடக்கை. இடக்கை பேட்டருக்கு இடக்கை வீச்சு பொதுவாகக் கடினம். பெட்ஸை முதலில் வைத்தால் ஓட்டானியும் ஃப்ரீமனும் அடுத்தடுத்து வருவார்கள். ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸில் எதிரணி ஒரு நல்ல இடக்கை ரிலீவரை (நடுவில் மாற்றாக வரும் வீச்சாளரை) கொண்டுவந்து இருவரையும் அவர் ஒருவரைக் கொண்டே அடக்கப் பார்க்கும். ஓட்டானி, பெட்ஸ், ஃப்ரீமன் என்று வைத்தால் நடுவில் பெட்ஸ் நிற்கிறார். 2020 முதல், இன்னிங்ஸ் நடுவில் வரும் ரிலீவர் குறைந்தது மூன்று பேருக்கு வீச வேண்டும் அல்லது இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஓட்டானிக்காக வந்த இடக்கையர் பெட்ஸையும் சந்தித்தே ஆக வேண்டும். எந்த மாதம் யார் ஃபார்மில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த நன்மை மாறாது. ராபர்ட்ஸின் முடிவில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

பெட்ஸ் திரும்பிய முதல் நாளே மில்வாக்கியில் ஹோம் ரன் அடித்தார். அந்த ஆகஸ்டில் அணிக்கு 19 வெற்றி, 8 தோல்வி. மன்சியும் டாமி எட்மனும் அதே மாதம் 19ஆம் தேதி வந்து சேர்ந்ததால் இதையும் வரிசையின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. ஓட்டானியின் சொந்த ஆகஸ்ட் இன்னும் விசித்திரம்: சராசரி .235தான், ஆனால் ஹோம் ரன் 12, திருடிய பேஸ் (அடி இல்லாமலே ஓடி எடுத்தது) 15. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் அவரைக் கீழே இறக்கச் சொல்லியிருப்பார்கள்.

மறு ஆண்டு ராபர்ட்ஸ் எதிர்த்திசையில் போனார். 2025 ஜூலையில் அணி 10 வென்று 14 தோற்றது. பெட்ஸ் அடிக்க முடியாமல் திணறினார். அவரைத் தேற்றி எழுப்ப முதல் இடத்தை அவருக்குக் கொடுத்து ஓட்டானியை இரண்டாவதாக இறக்கினார். ஒரு ஆட்டக்காரரின் மனநிலைக்காக 18 வாய்ப்புகளில் சிலவற்றை விட்டுக்கொடுக்கும் இந்த முடிவை நான் எடுத்திருக்கமாட்டேன். ஓட்டானியோ தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் ஹோம் ரன் அடித்து அணியின் சாதனையைச் சமன் செய்தார், அதில் பெரும்பகுதி இரண்டாவது இடத்திலிருந்து. கொஞ்ச நாளில் பழைய வரிசையே திரும்பியது.

பெட்ஸை முதலில் அனுப்ப ஒரே ஒரு நல்ல காரணம் இருக்கிறது, அது 2025இல்தான் வந்தது: மட்டையோடு பந்தும் பிடிக்கும் ஓட்டானி மீண்டும் பந்து வீசத் தொடங்கியது. சொந்த மைதானத்தில் அவர் முதல் இன்னிங்ஸை வீசி முடித்த கையோடு ஹெல்மெட், கவசம் மாட்டிக்கொண்டு முதல் ஆளாக மட்டை பிடிக்க ஓட வேண்டும். மூச்சு வாங்கக்கூட நேரம் இல்லை. அந்த நாள்களில் மட்டும் பெட்ஸ் முதலில் போய் நாலைந்து பந்துகளைப் பார்த்தால் அவருக்குச் சற்று ஓய்வு கிடைக்கும். இதற்கு மறுப்பாக 2025 அக்டோபர் 17ஐக் காட்டுவார்கள். மில்வாக்கிக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் மூன்று பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்துவிட்டு, உடனே வந்து முதல் ஆளாக ஹோம் ரன் அடித்தார். அன்று மொத்தம் மூன்று. அந்த ஆட்டத்தைப் பார்த்தவர் யாரும் மறக்கமாட்டார்கள். ஒரு மாதத்தை நம்பாத நான் ஒரு இரவை மட்டும் எப்படி நம்புவது? சொந்த மைதானத்தில் அவர் வீசும் நாளில் பெட்ஸ் முதலில், மற்ற எல்லா நாளும் ஓட்டானி முதலில் என்றுதான் நான் எழுதுவேன்.